துப்பாக்கியில் பூட்டிய விளக்கு



சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவைக் கடந்து ஆம்பூரை நோக்கிச் செல்லும்போது மாதனூர் என்னும் ஊர் வருகிறது. அருகே பாலாறு, தெற்கே ஒடுகத்தூருக்கு அப்பால் சவ்வாது மலைத்தொடர். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தொழிலின் நிழலில் வளர்ந்த மற்றொரு தொழிலும் உண்டு. தோல் ஊறும் பெரிய மர டிரம்முகளைச் சுழற்றும் தண்டுகளையும், பற்சக்கரங்களையும், தோல் சீவும் பொறிகளின் உருளைகளையும் பழுது பார்த்துத் தரும் லேத்துப் பட்டறைத் தொழிலே அது. அத்தகைய பட்டறை ஒன்றில் சிறுவயதில் தொழில் பழகியவன் நான்.

பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஒரே மாதிரியானது. இடையிடையே, கடையில் விலைக்குக் கிடைக்காத ஏதோ ஒரு சிறு பொருளைச் செய்துதரும்படி கேட்டு யாரேனும் வருவர். அப்படி ஒருவர் கேட்ட பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். துப்பாக்கியின் குழலோடு டார்ச்சு விளக்கைப் பிணைக்கும் ஓர் இரும்புப் பிடிப்பு அது. உள்ளங்கையில் அடங்கும் பொருள்தான். ஆனால் பள்ளியில் நீங்கள் படிக்கும் இயக்க விதிகளும், உராய்வும், வெப்ப விரிவும், ஏன், தோல் பதனிடும் இரசாயனமும்கூட அதில் அடங்கியிருக்கின்றன.

துப்பாக்கியோடு விளக்கை ஏன் பூட்ட வேண்டும்? துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்க இரண்டு கைகள் தேவை. விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. மின்கலத்தால் எரியும் கைவிளக்கு 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது உலகெங்கும் பரவியபோது, இரவில் காத்திருக்க வேண்டியிருந்த வேட்டைக்காரர்கள் அதைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினர்.

நம் நாட்டில் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. இமயமலைச் சாரலில் உருத்திரப்பிரயாகைப் பகுதியில் 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை மனிதர்களைக் கொன்று தின்றது. அரசாங்கக் கணக்கின்படி அதற்கு இரையானவர் 125 பேர். 1926ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், யாத்திரைப் பாதை ஓரத்து மாமரம் ஒன்றில் இரவுதோறும் காத்திருந்து சிம் கார்பெட் அதைச் சுட்டார். கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்து மணி ஒலித்தது. அவர் விளக்கின் பொத்தானை அழுத்தினார். ஒளி மங்கலாக ஒருமுறை வீசியது, சிறுத்தையின் தோள் தெரிந்தது, விசையை இழுத்தார். அக்கணமே விளக்கு அணைந்துவிட்டது. குறி தப்பியதா, பட்டதா என்பதை அறியாமல் அவர் இருளில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த விளக்கைப் பல மாதங்கள் சுமந்து திரிந்தும் ஒருமுறையேனும் எரித்துச் சோதிக்கவில்லை என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அந்த ஒற்றை ஒளிவீச்சும் இல்லாது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பகுதிக்கு வருவோம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்பவர் சேலம், வட ஆர்க்காட்டு மாவட்டங்களின் காடுகளை நன்கு அறிந்தவர். மாதனூருக்குத் தென்மேற்கே உள்ள ஏலகிரி மலையில் மனிதரைத் தின்ற சிறுத்தை ஒன்றைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். வின்செஸ்டர் துப்பாக்கியின் குழலோடு டார்ச்சைப் பூட்டி, இடக்கைக் கட்டை விரலால் அதன் பொத்தானை அழுத்திச் சுடுவது அவர் வழக்கம்.

இனி என் கதை. 1968ஆம் ஆண்டு, எனக்கு வயது பதினேழு. மலையடிவாரத்துக் குடியானவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி அவரிடம் இருந்தது. வேர்க்கடலை விளையும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கொல்லையை உழுதுவிடுகின்றன என்றும், துப்பாக்கியோடு டார்ச்சைப் பூட்ட ஒரு பிடிப்பு வேண்டும் என்றும் அவர் சொன்னார். மேஸ்திரி வெளியூர் சென்றிருந்தார். "நானே செய்து தருகிறேன், ஐயா" என்று ஏற்றுக்கொண்டேன்.

குழலின் பருமனை ஓரிடத்தில் அளந்தேன். அதே அளவுக்கு இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்தேன். அதன்மேல் விளக்குக்கு மற்றொரு வளையத்தைப் பற்றவைத்தேன். குழலின் கருநீல மெருகு தேயாதிருக்க வேண்டும் என்று, எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருளாகிய தோலை வெட்டி உள்ளே வைத்து, திருகாணியை முறுக்கினேன். கையால் அசைத்துப் பார்த்தேன்; அசையவில்லை. பெருமையோடு கொடுத்தனுப்பினேன். தோட்டா விலை அதிகமாகையால் அவரும் சுட்டுப் பார்க்கவில்லை.

பத்து நாட்களுக்குப் பின் அவர் மகன் வந்து செய்தியைச் சொன்னான். முதற் குண்டு பன்றியின் மேல் பட்டது. ஆனால் அது விழவில்லை. இரண்டாவது தோட்டாவை இட்டு நிமிர்ந்தபோது விளக்கு தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. காயம்பட்ட விலங்கு இருளிலிருந்து பாய்ந்து அவருடைய கெண்டைக் காலைக் கிழித்துவிட்டது. அவர் பிழைத்தார், ஆனால் அந்தக் கால் அவருக்குப் பழையபடி ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து அவரே தடியூன்றி வந்து, பிடிப்பை மேசைமேல் வைத்தார். "தம்பி, சுட்டதும் விளக்கு முன்னாலே ஓடிவிட்டது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விளக்கு ஏன் முன்னால் ஓடியது? அதைக் கணக்கிட்டுக் காண எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கோ சில நிமிடங்கள் போதும்.

20 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 650 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 13 அலகு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி அதே உந்தத்தைப் பின்னோக்கிப் பெறுகிறது. துப்பாக்கியின் எடை 4 கிலோ என்றால், அது வினாடிக்கு 3.25 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாயும். வெடித்த வாயுவின் உதைப்பை இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும். இந்த வேகம் அவ்வளவு பெரிதன்று. ஆனால் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்குதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அவ்வேகத்தை எய்த வேண்டுமானால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 160 மடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். குழலோடு பூட்டிய விளக்கு கால் கிலோ எடையுள்ளதாயின், அதையும் அதே முடுக்கத்தோடு பின்னே இழுத்துச் செல்ல 400 நியூட்டன் விசை தேவை. அஃதாவது, கால் கிலோ விளக்கு அந்தக் கணத்துக்கு 40 கிலோ மூட்டையாகிவிடுகிறது. குடியானவரின் துப்பாக்கியிலும் உதைப்பு ஏறக்குறைய இவ்வளவே.

இந்த 40 கிலோவைத் தாங்குவது எது? வெறும் உராய்வு. எண்ணெய் படிந்த இரும்பின்மேல் உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், பிடிப்பு குழலை 400 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். கையால் அசைத்துப் பார்த்து இதை அறிய முடியாது.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. துப்பாக்கிக் குழல் நேரான உருளையன்று. பின்புறம் தடித்து, வாய்ப்புறம் நோக்கிச் சிறிது சிறிதாகச் சிறுத்துக்கொண்டே போகும். நான் ஓரிடத்தில் மட்டும் அளந்து, உட்புறத்தை நேராகக் கடைந்தேன். ஆகவே வளையம் தன் நீளம் முழுதும் குழலைத் தொடாமல், ஒரு விளிம்பில் மட்டுமே பற்றியிருந்தது. துப்பாக்கி பின்னே பாயும்போது விளக்கு தன் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. துப்பாக்கியை நோக்க, அது முன்னே நகர்கிறது. முன்னே நகர நகரக் குழல் சிறுக்கிறது, பிடிப்பு தளர்கிறது. தளர்ந்தபின் விளக்கின் எடையே வளையத்தைச் சுழற்றித் தலைகீழாக்கிவிடும். ஆப்பு ஒன்றை அது இறுகும் திசையில் அடிப்பதற்குப் பதிலாக, கழன்று போகும் திசையில் அடித்தது போன்ற செயல் அது.

மூன்றாவது பிழை, நான் மிகவும் நம்பிய தோல். தோல் தொழிலாளர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பர். தொடர்ந்து அழுத்தினால் தோல் தணிந்துபோகும். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இன்று இறுக்கிய ஆணி பத்து நாட்களில் தானே தளர்ந்துவிடும். மேலும், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோலில் டானின் என்னும் பொருள் இருக்கிறது. அது ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கருநீலச் சேர்மம் உண்டாகிறது. பழங்காலத்தில் கடுக்காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வினையைக் கொண்டுதான். ஆகவே மெருகைக் காக்க வைத்த தோல், மழைக்காலத்தில் குழலைக் கறைப்படுத்தித் துருவுக்கு வழி திறந்தது. துப்பாக்கியைத் தோலுறையிலேயே நெடுநாள் வைக்கலாகாது என்று அறிந்தவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

சரியான பிடிப்பை எவ்வாறு செய்வது? மேஸ்திரி திரும்பி வந்தபின் எனக்குக் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்கிறேன். முதலில் குழலை இரண்டு இடங்களில் வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். ஓரிடத்தில் 22 மி.மீ., அங்கிருந்து 40 மி.மீ. தள்ளி 21.2 மி.மீ. இருப்பதாகக் கொள்ளுங்கள். குழலின் பக்கம் அச்சோடு ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று மிகுந்த கோணத்தில் சாய்ந்திருக்கிறது. லேத்தின் மேற்சறுக்கை அதே கோணத்துக்குத் திருப்பி வைத்து உட்புறத்தைக் கடைதல் வேண்டும்.

இரண்டாவதாக, வளையத்தை இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவே ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டை வைத்து, ஆணிகளால் இறுக்கியபின்னரே துளையைக் கடைய வேண்டும். கடைந்து முடித்ததும் தகட்டை எடுத்துவிடுவர். இப்போது இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொடுமுன்பே குழலைக் கவ்விக்கொள்ளும். முறுக்கும் விசை முழுவதும் குழலின்மேல் விழும், வீணாகாது.

மூன்றாவது, உராய்வை மட்டும் நம்பாமல் ஒரு தடுப்பை வைத்தல். டிரம்மைச் சுழற்றும் சக்கரத்தைத் தண்டோடு இறுக்கிப் பொருத்தினால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே வெட்டிய பள்ளத்தில் சாவி என்னும் இரும்புத் துண்டைச் செருகுவர். அது வெட்டுண்டாலன்றிச் சக்கரம் வழுக்காது. துப்பாக்கியிலும் அவ்வாறே, முன்னே நகராதபடி எதிலேனும் முட்டி நிற்கும் ஓர் உறுப்பு பிடிப்பில் இருத்தல் வேண்டும்.

இந்த மூன்றாவது கருத்தே பின்னர் உலகத் தரமாக வளர்ந்தது. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்திலுள்ள பிக்கட்டினி படைக்கலச் சாலையின் பெயரால் 1995ஆம் ஆண்டு ஒரு தர அளவு வகுக்கப்பட்டது. துப்பாக்கியின் மேல் சிறு தண்டவாளம் போன்ற ஒரு சட்டம். அதன் குறுக்கே வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்தின் அகலமும் 5.23 மி.மீ.; ஒன்றன் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ.; ஆழம் 3 மி.மீ. விளக்கின் அடியிலுள்ள குறுக்காணி இப்பள்ளத்தில் அமர்ந்து உதைப்பைத் தாங்குகிறது. பக்கத் தாடைகள் சட்டத்தைக் கவ்வுகின்றன. எங்கோ ஒரு நாட்டில் செய்த விளக்கு, வேறொரு நாட்டில் செய்த துப்பாக்கியில் பொருந்துகிறது. கழற்றிவிட்டு மறுபடி அதே பள்ளத்தில் பூட்டினால் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. அத்தகைய சட்டம் இல்லாத பழைய துப்பாக்கிகளுக்கே இன்றும் தனித்தனியாக அளந்து கடைந்த பிடிப்புகள் தேவைப்படுகின்றன.

இக்காலத்தில் இவற்றைப் பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்கின்றனர். எடை, எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். 20 மி.மீ. குழலின்மேல் உள்ள அலுமினிய வளையம், வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் குழலைவிட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக விரியும். வேலூரின் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் இதைப் புறக்கணிக்க மாட்டார்கள். மேலும், குழலைப் பற்றும் எந்தப் பொருளும் குண்டு செல்லும்போது குழல் அதிரும் முறையை மாற்றுகிறது; அதனால் குறியும் சற்றே மாறும். ஆகவே புதிய துப்பாக்கிகளில் விளக்கைக் குழலில் பூட்டாமல், அதைச் சூழ்ந்த கைப்பிடியின்மேல் பூட்டுகின்றனர்.

கோணத்தையும் மறத்தல் ஆகாது. விளக்கு குழலுக்கு 4 செ.மீ. மேலே இருந்து, இரண்டும் இணையாக நோக்கினால், எவ்வளவு தொலைவிலும் வேறுபாடு 4 செ.மீ. மட்டுமே. ஆனால் விளக்கு ஒரு பாகை சாய்ந்திருந்தால், 20 மீட்டர் தொலைவில் ஒளியின் நடுப்புள்ளி 35 செ.மீ. விலகும், 50 மீட்டரில் 87 செ.மீ. விலகும்.

விளக்கின் உள்ளேயும் உதைப்பு வேலை செய்கிறது. துப்பாக்கி பின்னே பாயும்போது மின்கலங்கள் முன்னே சென்று பல்பின் அடியை இடிக்கின்றன. தோள் துப்பாக்கியைத் தடுத்து நிறுத்தும்போது அவை பின்னே சென்று வில்கம்பியை அமுக்குகின்றன. அந்த நேரத்தில் தொடர்பு அறுந்து ஒளி துடிக்கிறது. பழைய பல்புகளின் டங்ஸ்டன் இழை, சூடேறிய நிலையில் அதிர்ச்சி தாங்காமல் அறுந்துவிடும். இன்றைய ஒளியுமிழ் டயோடுகளில் இழையே கிடையாது. வெண்ணிற ஒளிக்கு அடிப்படையான நீல டயோடை உருவாக்கிய சப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வளவு சொன்ன பின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லாவிடில் என் கடமை நிறைவேறாது. துப்பாக்கியில் பூட்டிய விளக்கைக் கொண்டு எதையேனும் தேடுவது, அதன்மேல் துப்பாக்கியை நீட்டுவதாகும். புதரில் இரண்டு கண்கள் மின்னினால் அது பன்றியா, மானா, கட்டை அவிழ்ந்த கன்றா என்பது உடனே தெரியாது. பின்னால் யார் நிற்கிறார் என்பதும் தெரியாது. ஆகவே தேடுவதற்கு வேறு கைவிளக்கே வேண்டும் என்பது, துப்பாக்கி ஏந்தும் பணியில் உள்ளோர் கற்கும் முதற்பாடம்.

மேலும், வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ஆம் ஆண்டு அதில் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முற்றிலும் நிறுத்தின. ஒளியில் திகைத்து நிற்கும் விலங்கைச் சுடுவது வீரமும் அன்று. இன்று அது குற்றம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கும் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவற்றை மட்டுமே, அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியைச் செய்வதோ, மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ கூடாது. அன்று எங்கள் மேஸ்திரி குழலில் ஒரு துளையும் இட மறுத்தது இதனால்தான்.

இத்தொழிலில் நாட்டமுள்ள மாணவர்க்கு முறையான வழிகள் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. 2019இல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் பெருவழியில் சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய நகரங்கள் இடம்பெற்றுள்ளன. அங்கெல்லாம் நூற்றில் ஒரு மில்லிமீட்டரை மதிக்கத் தெரிந்த கைகள் வேண்டும்.

அந்தக் குடியானவருக்கு மேஸ்திரியும் நானும் சேர்ந்து புதிய பிடிப்பு ஒன்றைச் செய்தோம். சாய்வாகக் கடைந்து, ஷிம் வைத்து, முன்னே ஒரு முட்டும் வைத்தோம். கொடுப்பதற்கு முன் மூன்று தோட்டாக்களை என் சொந்தக் காசில் வாங்கி, பாலாற்று மணலில் அவரையே சுட்டுக்காட்டச் சொன்னோம். மூன்று முறையும் விளக்கு அசையவில்லை. நான் கூலி வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, எண்ணிக் கொடுத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டார். அவருடைய நடையைப் பார்த்தபடி நான் நின்றேன். செய்த பொருளைச் சோதிக்காமல் எவர் கையிலும் கொடுக்கலாகாது என்பதை அன்று கற்றேன்.